முப்பத்தாறு மீற்றர்

தம்பி,

நீ சுகமாக இருக்கிறாய் என்பது முந்தநாள் போனில் உன் குரலிலேயே தெரிந்தது. அதனால் சுகம் விசாரித்து இடத்தை வீணாக்கவில்லை. நாங்களும் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் நோ பழையபடிதான். நான் கண்ணாடி மாற்ற வேண்டும், இன்னும் மாற்றவில்லை. போனில் சொல்லக்கூடியது என்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ ‘ஓம் அப்பா, ஓம் அப்பா’ என்று சொல்லிக்கொண்டே வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால் எழுதி, நீ நிற்கிற கொழும்புக்கு நாளைக்குப் பஸ்ஸில் வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். பரீட்சைத் தாளையே கடைசிக் கேள்வியிலிருந்து வாசிக்கிற ஆள் நீ. இதைத் தயவுசெய்து முதலிலிருந்து வாசி.

இது அந்த விடியப்புறத்தைப் பற்றியது. நீ அதைப் பற்றிக் கதைக்க விரும்பவில்லை என்று தெரியும். நடந்தது ஊருக்கே தெரிந்த கதைதான். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்த உன் சிநேகிதனை ஏற்றிவரச் சுன்னாகம் ஸ்ரேசனுக்கு மோட்டார் சைக்கிளில் போனாய். நிலம் இன்னும் வெளிக்கவில்லை. வாழைத்தோட்டங்களுக்கு நடுவே நேராகப் போகும் அந்தத் துண்டு வீதியில், எங்கள் பண்டத்தரிப்புச் சிவபாதத்தாரின் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின், பின்னால் பூட்டிய பெட்டி நிறைய வாழைக்குலையோடு மருதனார்மடம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு மினிபஸ் வந்தது. வீதி ஒடுக்கம் என்பதால் அவர் ஓரமாக ஒதுக்கி நிற்பாட்டினார். நீ பின்னால் வந்து பெட்டியில் மோதினாய். பெட்டியின் பின்விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்த அவருடைய மனைவி மகேசு அந்த இடத்திலேயே போய்விட்டார். உனக்குத் தோளெலும்பு முறிந்தது. மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் நசிந்தது. இவ்வளவுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

பொலிசுக்கு நீ கொடுத்த வாக்குமூலம், உள்ளதைச் சொன்னால், மூன்று வசனம். நாற்பதில்தான் வந்தேன். முன்னால் எந்த வெளிச்சமும் இருக்கவில்லை. கிட்ட வந்த பிறகுதான் கண்டேன். நீ சொல்லும்போது நான் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு வசனத்தையும் நம்பினேன். பெற்ற பிள்ளையை நம்பியதற்கு எனக்கு வெட்கமில்லை. இப்போது வழக்கே அந்த மூன்று வசனத்தின்மேல்தான் நிற்கிறது. பின் லைற் எரியாத வண்டியில், ஆள் இருக்கக்கூடாத இடத்தில் ஆளை இருத்தி, சாவுக்குக் காரணமானார் என்று சிவபாதத்தார்மேல் வழக்கு. நீ சாட்சி மட்டும். அதனால்தான் உனக்குப் பொலிஸ் நற்சான்று சிக்கலில்லாமல் கிடைத்தது, கனடாவுக்கான கடதாசிகளும் ஒவ்வொன்றாகச் சரிவந்தன.

பின் லைற் பழுதானால் உடனே மாற்றுகிற தோட்டக்காரர் நம்முடைய பக்கத்தில் எத்தனை பேர்? மூட்டையும் குலையும் ஏற்றி இறக்குகிற பெட்டியில் வயர் அறுந்துகொண்டே இருக்கும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி உனக்கும் தெரியும். வீட்டில் ஒருவர் பெட்டியின் பின்விளிம்பில் இருந்து, பின்னால் வருகிற வாகனங்களுக்கு ரோச் லைற் காட்டிக்கொண்டு போவார். பெரும்பாலும் பெண்சாதிதான் அந்த ஆள். குலைகள் சரியாமல் முதுகால் முட்டுக்கொடுப்பதும் அவள் வேலை. பாடசாலைக்கு வெள்ளனப் போகிற நாட்களில் அப்படி ஒரு வெளிச்சம் ஆடிக்கொண்டு போவதைக் கண்டு நானே சைக்கிளை மெதுவாக்கியிருக்கிறேன். சட்டத்தில் அதற்கு இடமில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் சொன்னால் அது மிக மோசமான ஏற்பாடு. வண்டிக்கும் பின்னால் வருகிற வாகனத்துக்கும் நடுவில், பாதுகாப்புக்கு என்று ஒரு மனித உடம்பை வைக்கிற ஏற்பாடு. ஆனாலும் தூரத்தில் வருகிறவனுக்கு அது வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்தால் எத்தனையோ பேர் தப்பியிருக்கிறார்கள்.

போன கிழமை கீரிமலையில் மகேசுவுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. போக வேண்டாம் என்று அம்மா சொன்னாள். மோதியவனின் தகப்பன் எந்த முகத்தோடு போய் நிற்பது என்பது அவள் கேள்வி. எனக்கோ போகாமல் விட்டால்தான் முகம் இராது என்று பட்டது. போனேன். நான் நின்ற பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள், அவ்வளவுதான். கிரியை முடிந்து கேணியில் முழுகிவிட்டு ஏறிய சிவபாதத்தார், மொட்டைத் தலையில் தண்ணீர் வடிய, ஈர வேட்டியோடு நேரே என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். குறை நினைக்கப்படாது.”

“கேளுங்கோ.”

“தம்பி வெளிச்சம் ஒண்டும் காணேல்லை எண்டு சொன்னவராம். அவள் ரோச்சைப் பிடிச்சிருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்கும், என்ன?”

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“அவள் நித்திரையாப் போட்டாளெண்டு சனம் கதைக்குது, மாஸ்டர். என்ரை சொந்தத் தமக்கையே சொல்லுறா. அண்டைக்கு விடியமுன்னம் எழும்பி என்னோடை நிண்டு குலை ஏத்தினவள். அலுப்புத்தான். ஆனா அவள் பின்னுக்கிருந்து ஒருநாளும் தூங்கிறேல்லை. தூங்காமல் இருக்கத் தேவாரம் படிச்சுக்கொண்டு வருவாள். எனக்கு மெஷின் சத்தத்திலை ஒண்டும் கேக்காது. அண்டைக்குப் படிச்சவளோ, படிக்கேல்லையோ, எனக்குத் தெரியாது.”

“ரோச்...” என்று தொடங்கினேன்.

“வாய்க்காலுக்கை நொருங்கிக் கிடந்தது. எரிஞ்சதோ அணைஞ்சிருந்ததோ ஆர் கண்டது? நான்தான் அவளைப் பின்னுக்கு இருத்தினனான். லைற்றைச் செய்விக்கப் பஞ்சிப்பட்டு, அவளை லைற்றாக்கினனான். அடுத்த தவணைக்குக் கோட்டிலை குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போறன். அதைப் பற்றி எனக்கு ஒண்டுமில்லை. அவள் நித்திரை கொண்டவளோ இல்லையோ எண்டது மட்டும் தெரிஞ்சால் காணும். நீங்கள் உந்தக் கணக்கெல்லாம் படிப்பிக்கிறனீங்கள்தானே, அதுதான் கேட்டனான்.”

யாரோ கூப்பிட அவர் போய்விட்டார். திரும்பி வரும் வழி முழுவதும் எனக்கு அந்தக் கேள்விதான். கோட்டில் இருக்கிற வழக்கு அவருக்குப் பெரிதில்லை. முப்பது வருடத்துக்குக் கிட்ட ஒரே வீட்டில் இருந்த மனுசியை, செத்த பிறகு ஊர் தூங்குமூஞ்சி ஆக்கிவிட்டது. அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார், நம்பவும் முடியவில்லை. இப்படி ஒரு சித்திரவதையை நான் யாரிடமும் கண்டதில்லை.

இனி நான் எழுதுவதை உனக்கு விளக்கத் தேவையில்லை. பத்தாம் வகுப்பில் என்னிடமே படித்தவன் நீ. வீட்டில் அப்பா, வகுப்பில் சேர் என்று ஒருநாளும் மாறிச் சொல்லாதவன். ‘கதி இரட்டிச்சா நிக்கிற தூரம் இரட்டிக்காது சேர், நாலு மடங்காகும்’ என்று மற்றப் பிள்ளைகள் கொப்பியைத் திறக்குமுன் எழும்பிச் சொன்னாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை வகுப்பில் காட்டக்கூடாது என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருந்தாலும் முழுவதையும் எழுதுகிறேன். வழி காட்டாத விடைக்கு நான் புள்ளி போடுவதில்லை, உனக்குத் தெரியும்.

பிரேக் இறுகிச் சில்லு சுற்றாமல் இழுபட்டால் தார் வீதியில் ரயர் கறுப்பாகத் தேய்ந்து தடம் விழும். மழை இல்லாத மாதம் என்பதால் உன்னுடைய தடம் இன்னும் கிடக்கிறது. நான் நாள்தோறும் அதைக் கடந்துதான் போய்வந்தேன், குனிந்து பார்த்ததில்லை. சிவபாதத்தார் கேட்ட பிறகுதான் அவருடைய பதில் அந்த வீதியிலேயே கிடக்கலாம் என்று தோன்றியது. உன்னைச் சந்தேகித்து நான் போகவில்லை. தடம் கட்டையாக இருக்கும், நீ கிட்ட வந்துதான் கண்டாய் என்று வரும், அவரிடம் போய் எப்படியாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். விளையாட்டுப் போட்டிக்கு வைத்திருக்கிற அளவுநாடாவைப் பாடசாலையில் கேட்டு வாங்கினேன். ஒரு நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அம்மாவைக் கூட்டிப்போனேன். அவளும் சந்தோசமாகத்தான் வந்தாள். ‘என்ரை பிள்ளையிலை பிழையில்லை எண்டு ஒருக்கா எழுதிக் காட்டுங்கோ எல்லாருக்கும்’ என்றாள்.

நாடா முப்பது மீற்றர். தடம் அதற்குள் முடியவில்லை. அம்மாவை முன்னுக்கு நகர்த்தி மிச்சத்தை அளக்க வேண்டி வந்தது. தடம் தொடங்கிய இடத்திலிருந்து பெட்டி நின்ற இடம்வரை முப்பத்தாறு மீற்றர். நான் வாய்விட்டு வாசித்தேன். அம்மாவுக்கு அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை. வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, ‘முடிஞ்சுதோ, போவமோ?’ என்றாள்.

எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் புத்தகத்தில் இருக்கிற உராய்வை வைத்து என் பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வீதிக்கும் ஒவ்வொரு ரயருக்கும் உராய்வு வேறு. அதனால் அடுத்த நாள், திருத்தி வந்து கொட்டிலில் சும்மா நிற்கிற உன் மோட்டார் சைக்கிளையே எடுத்தேன். அதே பின் ரயர், அதே துண்டு வீதி. சனம் சாப்பிட்டுப் படுக்கிற நேரம் பார்த்துப் போனேன். முள்ளை நாற்பதில் வைத்துக்கொண்டு வந்து பின் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தேன். இந்த வயதில் செய்யக்கூடிய வேலை இல்லை. முதல் தரம் வண்டி வாலை ஆட்டியது, விழப் பார்த்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒருவர் வேலியால் எட்டிப்பார்த்து, ‘மாஸ்டர், உங்களுக்கென்ன விசரோ?’ என்று சத்தம்போட்டார். ஓம் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் செய்தேன். நாற்பதில் வந்தால் தடம் பதினைந்து மீற்றர். ஒவ்வொரு தரமும் அரை மீற்றர் கூடும், குறையும். அதற்கு மேல் மாறவில்லை.

மணிக்கு நாற்பது கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய பதினொரு மீற்றர். அதன் வர்க்கத்தை இரண்டு மடங்கு தூரத்தால் வகுத்தால் அமர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு நான்கு மீற்றர் வருகிறது. அதாவது அந்த வீதியில் அந்த ரயர், ஒவ்வொரு செக்கனும் உன் கதியில் நான்கு மீற்றர் குறைக்கும். அதே அமர்முடுகலோடு முப்பத்தாறு மீற்றர் இழுபட வேண்டுமென்றால், தொடக்கத்தில் செக்கனுக்குப் பதினேழு மீற்றர் கதி இருந்திருக்க வேண்டும். மணிக்கு அறுபதுக்கு மேல். அதுவும் தடத்தின் முடிவில் நீ நின்றிருந்தால். நீ நிற்கவில்லை, மோதினாய். மோதும்போதும் கதி மிச்சம் இருந்தது. அறுபதுக்கு எவ்வளவு மேல் என்பது உனக்குத்தான் தெரியும். வேகம் என்று எழுதாமல் கதி என்று எழுதுவதைக் கவனித்திருப்பாய். வேகம் என்றால் திசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதில் திசையைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை.

கதியோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. மிச்சத்தைக் கேள். கண் கண்டு, மூளை விளங்கி, கால் பிரேக்கை மிதிக்க ஒரு செக்கன் ஆகும். அந்த ஒரு செக்கனில் வண்டி பழைய கதியிலேயே பதினேழு மீற்றர் ஓடியிருக்கும். முப்பத்தாறும் பதினேழும் ஐம்பத்துமூன்று. பெட்டிக்கு ஐம்பத்துமூன்று மீற்றர் முன்னாலேயே நீ எதையோ கண்டுவிட்டாய். எதைக் கண்டாய்? உன் முன் லைற் நிலத்தைப் பார்க்கிறது. நேற்று விடியமுன் நானே அதைக் கொளுத்தி நிற்பாட்டிவிட்டு முன்னால் நடந்து பார்த்தேன். அவ்வளவு தூரத்தில், வாழைச்சருகால் மூடிய கறுத்தப் பெட்டி அந்த லைற்றில் தெரியவே தெரியாது. மினிபஸ்ஸின் லைற்றுக்குப் பிரேக் பிடித்தேன் என்று சொல்லாதே. எதிரே வருகிற பஸ்ஸுக்கு யாரும் சில்லு இறுகப் பிரேக் மிதிப்பதில்லை. உன் பாதையில் ஏதோ நிற்கிறது என்று காட்டியது பெட்டியின் பின்னால் இருந்த வெளிச்சம் மட்டும்தான். நீ அந்த ரோச்சைக் கண்டாய், தம்பி. கண்டுதான் பிரேக் பிடித்தாய். நாற்பதில் வந்திருந்தால், கண்ட அந்தத் தூரத்தில் பாதி மிச்சம் கிடக்க நின்றிருப்பாய்.

கடதாசியை அம்மாவுக்குக் காட்டினேன். சின்ன வயதில் உனக்குப் பெருக்கல் சொல்லித்தந்தவள், கணக்குத் தெரியாதவள் இல்லை. மெல்ல வாசித்தாள். பிறகு கடதாசியைத் திருப்பித் தந்துவிட்டு, “உங்கடை கணக்கு எங்கையோ பிழைச்சிருக்கு. திரும்பச் செய்யுங்கோ” என்றாள். திரும்பச் செய்தேன். அவளுக்கு முன்னாலேயே இருந்து, ஒவ்வொரு வரியாக, வாய்விட்டுச் சொல்லிச் செய்தேன். அதே விடை வந்தது. அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. வெறும் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

இந்தத் தவணை எனக்கு இயக்கம் பாடம்தான் வந்திருக்கிறது. எத்தனையோ வருடம் கண்ணை மூடிக்கொண்டு படிப்பித்த பாடம். மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குப் பிரேக் பிடிக்கிற கணக்கு வந்த இடத்தில், கரும்பலகையில் அதைப் பந்து என்று மாற்றி எழுதினேன். முன் வாங்கில் இருந்த பிள்ளை, ‘சேர், பந்துக்கு எங்காலை பிரேக்?’ என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். பிறகு வெண்கட்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போனேன்.

உனக்கு ஆறேழு வயதிருக்கும்போது தேர்த்திருவிழாவில் என் தோளில் இருந்துகொண்டு தேர் நாலு வீதியும் சுற்றி வருவதைப் பார்த்தாய். இருப்புக்குத் திரும்பி வந்த தேரைக் காட்டி, தூரம் இவ்வளவு, இடப்பெயர்ச்சி மட்டும் பூச்சியம் என்று அந்த வயதிலேயே உனக்கு நான் பாடம் எடுத்தேன். ‘அப்ப சாமி எங்கையும் போகேல்லையோ அப்பா?’ என்று கேட்டாய். அம்மா என்னை முறைத்தாள், பிள்ளையிடம் என்ன கதைப்பதென்று இல்லையா என்று. இப்போது நீ இடப்பெயர்ச்சியைத்தான் நம்பியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். விமானம் ஏறிவிட்டால் எல்லாம் பின்னால் போய்விடும் என்று. இடப்பெயர்ச்சியை எங்கிருந்து அளப்பது? தொடங்கிய இடத்திலிருந்து. கனடாவில் பனிக்குள் நின்றாலும் உனக்குத் தொடங்கிய இடம் அந்த வாழைத்தோட்ட வீதிதான். இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த ஒரு கிழமையாக எனக்கே சோறு இறங்கவில்லை. நீ அதை இந்த ஒரு மாதமாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாய். தோள் நோ என்று நீ நித்திரை இல்லாமல் கிடந்த இரவுகளை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நோ தோளில் மட்டும் இருந்திருக்காது.

என் கோபம் எதற்கு என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கதிக்காக அல்ல. வெறும் வீதி, இளம் வயது, ஸ்ரேசனில் ஆள் காத்துக்கொண்டு நிற்கிறான் என்ற அவசரம். முறுக்கத்தான் செய்வார்கள். பயத்தில் நாற்பது என்று சொன்னதைக்கூட விளங்கிக்கொள்ளலாம். எலும்பு முறிந்து, இரத்தத்தைக் கண்டு நடுங்கிக்கொண்டு கிடந்தவன் நீ. ஆனால் வெளிச்சம் இருக்கவில்லை என்ற வசனத்தை என்னால் விழுங்க முடியவில்லை. அந்த மனுசி செய்துகொண்டிருந்த ஒரே வேலை அது. அதைச் சரியாகச் செய்தார், நீ கண்டாய். பிறகு அவர் அதைச் செய்யவே இல்லை என்று சொல்லிவிட்டாய். செத்தவர் எழும்பி வந்து மறுக்க மாட்டார் என்பதால் அது எடுபட்டது. என் மகன் இப்படிச் செய்தான் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது.

அம்மா இந்தக் கடிதம் வேண்டாம் என்கிறாள். இன்று மத்தியானம் முழுக்க எங்களுக்குள் இதுதான்.

“அவன்ரை வாழ்க்கையை நீங்களே உங்கடை கையாலை முடிக்கப் போறியளோ?” என்றாள். “சொன்னா அந்த மனுசி எழும்பி வரப்போறாவோ?”

“வரமாட்டா.”

“பிறகென்ன? சிவபாதத்தார் எப்பிடியும் ஒத்துக்கொள்ளப் போறார். லைற் இல்லாமல் கொண்டுபோனது அவற்றை பிழைதானே?”

“அது அவற்றை பிழைதான். அதுக்கு அவர் கோட்டிலை பதில் சொல்லட்டும். இவன் செய்ததுக்கு அவர் பதில் சொல்லேலாது.”

“எனக்கு ஒரு பிள்ளைதான், பாருங்கோ” என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் ஒரு பிள்ளைதான். உன் கடதாசிகள் எல்லாம் சரிவந்த அன்று, வளவில் தனியே நின்று அழுதவன் நான். நீ போவது சந்தோசமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

சட்டத்தரணி ஒருவரிடம் பெயர் சொல்லாமல் விசாரித்தேன். வாக்குமூலத்தை மாற்றினால் வழக்கு உன்மேலும் திரும்பும் என்றார். வெளிநாட்டுப் பயணம் நிற்கும், எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல முடியாது, சிறைக்கும் இடமுண்டு என்றார். இதில் ஒன்றையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். நீ இழக்கப்போவது பெரியது. நான் உன்னைக் காப்பாற்றக்கூடியவனாக இல்லை. உன்னோடு கோட்டுக்கு வருவேன், வழக்கு முடியும்வரை வருவேன், உள்ளே போட்டால் வந்து பார்ப்பேன். ஊர் என்ன கதைத்தாலும் நீ என் பிள்ளை என்று சொல்லிக்கொண்டுதான் சந்தைக்கும் பாடசாலைக்கும் போவேன். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

எந்தப் பொருளும் தானாகத் தன் நிலையை மாற்றாது, வெளியிலிருந்து ஒரு விசை தாக்க வேண்டும் என்று வருடம் தவறாமல் படிப்பிக்கிறேன். மனிதன் அப்படி இல்லை. அவனால் தானாகவே நிற்கவும் திரும்பவும் முடியும். கல்லுக்கும் அவனுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான் என்று நினைக்கிறேன். பாடத்திட்டத்தில் இது இல்லை. அதனால் வகுப்பில் சொன்னதில்லை.

வழக்கு வருகிற வியாழன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் வருவதாகச் சிவபாதத்தாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. நீ திங்கள் இரவு ரயில் ஏறினால் செவ்வாய் விடிய சுன்னாகத்தில் இறங்கலாம். நான் ஸ்ரேசனில் நிற்பேன். சைக்கிளில்தான் வருவேன், மெதுவாகத்தான் போவோம். நீ வராவிட்டாலும் நான் போவேன். அளந்ததையும் கணக்கையும் அவருக்கு முன்னால் வைப்பேன், பிறகு கோட்டிலும் வைப்பேன். அதைச் செய்யாமல் இனி ஒரு வகுப்புக்குள் காலெடுத்து வைக்க என்னால் முடியாது. உனக்குத் தெரியாமல் செய்யவும் மனமில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஆனால் நான் போவது உனக்குப் பதிலாகாது. நான் சொல்லப்போவது பதினைந்து, முப்பத்தாறு, ஐம்பத்துமூன்று என்று சில எண்கள். மாஸ்டர் பாவம், என்னைத் தேற்றுவதற்காக ஏதோ கணக்குச் செய்து கொண்டுவந்திருக்கிறார் என்று அவர் நினைத்துவிடக்கூடும். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, நான் போன பிறகு திரும்பவும் அதே கேள்வியோடுதான் இருப்பார். அவருக்கு வேண்டியது கணக்கு அல்ல. மகேசு கடைசியாக இந்த உலகத்தில் எப்படி இருந்தார் என்பதைக் கண்ணால் கண்டது நீ ஒருவன் மட்டும்தான். கண்ணை விழித்துக்கொண்டு, கையை உயர்த்தி, உனக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு இருந்தார். வந்து அவரிடம் சொல்லு.

அப்பா